வாய் மூடாத மயக்க டாக்டர்

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க எங்கள் மருத்துவமனைக்கு வந்துபோன மயக்க டாக்டரம்மாவுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. நல்லது நடந்தாலும் கத்துவார். கெட்டது நடந்தாலும் கத்துவார். குரலை வைத்து எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்கூட்டியை வாசலில் நிறுத்துவதற்கு முன்பே செய்தி உள்ளே வந்துவிடும்.

"சிஸ்டர்! கூனிமேட்டுல சங்கரா மீன் வந்து குவிஞ்சிருக்குது! துள்ளுதுங்க! நிறுத்திப் பாத்துட்டுத்தான் வர்றேன்!"

உள்ளே தியேட்டரில் ஒருவர் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பார். மீன் துள்ளிய கதையைச் சொல்லி முடித்தால்தான் இவருக்குக் கை கழுவவே வரும்.

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்ன மருத்துவமனை எங்களுடையது. பெரிய டாக்டர் என்று நாங்கள் அழைத்தவர்தான் முதலாளி. பிரசவம் பார்ப்பதும் அவரே, குடலிறக்கத்துக்குத் தையல் போடுவதும் அவரே. நான் தியேட்டர் நர்ஸ். தியேட்டருக்குள் தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆயாம்மா இருமினால்கூட முறைப்பேன். அப்படிப்பட்ட என் தியேட்டருக்குள், சுனாமி வந்த மறு வருஷம், பாண்டிச்சேரியிலிருந்து இவர் வந்து சேர்ந்தார். ஆபரேஷன் இருக்கிற நாட்களில் போன் போட்டால் வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தொப்பிக்குள் முடி அடங்காது, வாய்க்குள் பேச்சு அடங்காது. முதல் மாதம் எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றும் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்க வேண்டும். ஆளை உட்கார வைத்து, டாக்டர் பின்னால் நின்று முதுகெலும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கிடைக்கலை," என்றார் திடீரென்று.

எலும்புகளுக்கு நடுவே ஊசி போகிற சந்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். மற்ற டாக்டர்கள் இதை மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

"இன்னா கிடைக்கலை?" என்றார் மூட்டைக்காரர் பயந்துபோய்.

"சந்து! எலும்பு இடிக்குதுங்க. இருங்க, கொஞ்சம் மேல பாக்கறேன். ம்ஹூம், இங்கயும் இல்லை!"

"டாக்டரம்மா, எனக்கு இருக்குதா இல்லியா?"

"இருக்கும், இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். ஆ! கிடைச்சிடுச்சுங்க! சூப்பர் முதுகு உங்களுக்கு!"

சொல்லிக்கொண்டே அந்த முதுகில் பட் பட்டென்று தட்டிக் கொடுத்தார். சந்தோஷம் வந்தால் வாயோடு கையும் ஓடும் அவருக்கு. மூட்டைக்காரரோ அடுத்த நாள் வார்டு முழுக்க, தன் சந்து அவ்வளவு லேசில் யாருக்கும் கிடைக்காது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

எல்லோரும் அப்படி இருப்பார்களா? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மேசைமேல் ஏறிப் படுத்த ஒரு பெண், "ஐயோ, வேற மருந்த எடுத்துட்டேன் பாருங்க! நல்லவேளை, போடலை" என்று தலைமாட்டில் குரல் கேட்டதும் எழுந்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, உங்க வாய்க்கு ஒரு பிளாஸ்டர் ஒட்டிட்டு ஆபரேஷன ஆரம்பிக்கலாமா?"

"போடலைன்னுதானே சார் சொன்னேன்!" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "யார் உடம்புல தப்பு நடக்குதோ அவங்களுக்குத்தானே சார் மொதல்ல சொல்லணும்? நமக்குள்ள பேசிக்கிட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனார். இவர் கேட்டது சரியாகப் பட்டதால் எனக்கு இவர்மேல் எரிச்சல்தான் கூடியது.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தலைவலிப் பைத்தியம். முதுகு ஊசி போட்டால் தலைவலி வரும் என்று எங்கள் பக்கத்தில் ஊரெல்லாம் பேச்சு. வெறும் பேச்சில்லை, எங்கள் வார்டிலேயே வந்துகொண்டிருந்தது. அப்போது நாங்கள் வைத்திருந்தவை வேகவைத்து வேகவைத்துத் திரும்பப் போடுகிற பழைய தடித்த ஊசிகள். வந்த முதல் நாளே டாக்டர் அந்தத் தட்டைத் திறந்து பார்த்து, "இது முதுகு ஊசியா, கோணி ஊசியா?" என்று அலறினார். அடுத்த தடவையிலிருந்து தன்னுடைய மெல்லிய ஊசிகளை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் உறை பிரித்து, "பாருங்க சிஸ்டர், முடி மாதிரி!" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

பெரிய டாக்டருக்கு இந்த ஊசிகள் வீண் செலவாகப் பட்டன. ஒரு மத்தியானம் இவர் கடையில் இரண்டு தண்ணீர் பாக்கெட் வாங்கிவந்து பெரிய டாக்டரின் மேசையில் வைத்தார். ஒன்றைத் தடித்த ஊசியாலும் மற்றதை மெல்லிய ஊசியாலும் குத்தி, இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்தார். முதல் பாக்கெட் பெரிய டாக்டரின் சட்டையில் பீச்சியடித்தது. மற்றதில் ஒரே ஒரு முத்துத் தண்ணீர் வந்து நின்றது.

"மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சேத்து ஒரே தண்ணிப் பை சார். ஓட்டை பெரிசா இருந்தா நாள்கணக்கா கசியும். எழுந்து உக்காந்தா மூளையத் தாங்கறதுக்கு மேல தண்ணி இருக்காது, அது கீழ தொங்கும். அதான் வலி. படுத்தா போயிடும், எழுந்தா வந்துடும். ஊசி மெலிசா இருக்கணும், முனையப் பக்கவாட்டுல திருப்பிப் போடணும். அப்பத்தான் நாரை அறுக்காம விலக்கிக்கிட்டுப் போகும். அவ்வளவுதான் சார், அவ்வளவுதான்!"

அடுத்த மாதமே மெல்லிய ஊசிகள் வந்துவிட்டன. சட்டை நனைந்தால்தான் சில பேருக்கு விஷயம் ஏறும். அதற்குப் பிறகு வார்டில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை இவர் கூப்பிடாமலே வந்து கட்டில் கட்டிலாகப் போவார். வணக்கமும் கிடையாது, சாப்பிட்டாயா என்ற கேள்வியும் கிடையாது. "தலை? தலை?" என்பார். ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், தோளில் ஒரு தட்டு விழும்.

ஆனாலும் உப்பளத்துப் பெண்களிடம் ஊசி சுலபமாக இறங்கவில்லை. முதுகை வளைத்துக் கூனி உட்கார்ந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே சந்து திறக்கும். "குனிங்க" என்று சொன்னால் அவர்கள் இடுப்பிலிருந்துதான் குனிவார்கள். முதுகு பலகை மாதிரி நேராக நிற்கும். கழுத்து இம்மியும் மடங்காது. அதனால் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டிவரும். குத்து கூடினால் ஓட்டையும் கூடும். இது டாக்டருக்குத் தூக்கம் வராத விஷயமாகிவிட்டது. ஒருநாள் ஆபரேஷன் முடிந்த கையோடு என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்கே போய்விட்டார்.

பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி ஏற்றிவிட்ட உப்புக் கூடையைச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக வந்து குவியலில் கொட்டிவிட்டுப் போனார்கள். இவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர்! தலையில உப்பு இருக்கறப்ப கழுத்த எப்படி மடக்குவாங்க? மடக்குனா கூடை போச்சு! குனின்னு நாம சொல்றது இவங்க உடம்புக்கே ஆகாத வேலை!"

பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். "யாரும்மா இது, முதுகப் பாக்க வந்த டாக்டரு?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, முதுகுதான்! உங்க முதுகுதான் வேணும்!" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். திரும்பி வரும்போது குப்பத்துக்குப் போகிற திருப்பத்தில் ஒரு பெண் அருவாமனை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் போட்ட பிரேக்கில் நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முதுகு வில்லாக வளைந்திருந்தது, முகவாய் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஆபரேஷனுக்கு வந்த உப்பளத்துப் பெண்ணிடம், "அருவாமனை எதிர்ல உக்காந்து மீன் ஆயிற மாதிரி உக்காருங்க" என்றார். முதுகு அப்படியே வளைந்து கொடுத்தது. ஒரே குத்து. தியேட்டருக்குள் அவர் போட்ட கூச்சலில் வாசலில் இருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். நான் முறைக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

மாசியில் அஞ்சலை வந்தாள். உப்பு சுமக்கிறவள், தலைப்பிரசவம். கால் வீங்கி, பிபி ஏறிக் கிடந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னதும் அவள் அழவில்லை. மயக்க டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"வயித்த அறுத்தாலும் பரவாயில்லீங்க. என் தலைய மட்டும் விட்டுடுங்க."

அவளுடைய ஓரகத்திக்கு வேறெங்கோ முதுகு ஊசி போட்டு, தலை தூக்க முடியாமல் அவள் வாரக்கணக்கில் படுத்துவிட்டாள். அதற்குள் சேர்ந்து உப்பு சுமக்கிற செட்டில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அஞ்சலைக்கு இருக்கிற ஒரே பிழைப்பு அந்தத் தலைதான். உப்பளத்தில் வேலை தொடங்குகிற காலமும் அதுதான்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பிபி இருப்பதால் ஒரேயடியாக மரத்துப்போக வைக்க முடியாது, தடாலென்று இறங்கிவிடும். அதனால் முதுகில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விட வேண்டும். குழாய் நுழைய வேண்டியிருப்பதால் இந்த ஊசி மட்டும் தடியாகத்தான் இருக்கும். "ஆனா தண்ணிப் பைக்கு வெளியவே நின்னுடுவேன். பையத் தொடமாட்டேன்."

அஞ்சலை மீன் ஆய்கிற மாதிரி அழகாக வளைந்து உட்கார்ந்தாள். நான் முன்னால் நின்று அவள் நெற்றியை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வழக்கம்போல் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"தோல் தாண்டியாச்சு. சதை. இப்ப கெட்டியா இருக்குது, இன்னும் கொஞ்சம், கொஞ்சம்... வந்துட்டேன்! வந்துட்டேன் அஞ்சலை!"

சந்தோஷத்தில் இடது கையால் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

அஞ்சலை விருட்டென்று நிமிர்ந்தாள். என்னால் பிடிக்க முடியவில்லை. ஊசியின் பின்பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து பச்சைத் துணி நனைந்தது. பெரிய டாக்டர் தியேட்டர் வாசலிலிருந்து, பேசாதே என்பதுபோல் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். யாரிடம் காட்டுகிறார்!

"அஞ்சலை, ஊசி பைக்குள்ள போயிடுச்சும்மா. என் தப்பு. உன் தப்பில்ல, என் தப்பு."

"நீங்கதானேங்க தட்டுனீங்க?" என்றாள் அஞ்சலை ஒன்றும் புரியாமல். "தட்டுனா எழுந்திரிக்கணும் இல்ல?"

உப்பளத்தில் முழங்காலை மடக்கி நிற்கிறவள் தலையில் இன்னொருத்தி கூடையை ஏற்றி வைப்பாள். கூடை சரியாக உட்கார்ந்ததும் முதுகில் தட்டுவாள். சுமக்கிறவளால் மேலே பார்க்க முடியாதில்லையா, அதனால் தட்டுதான் அடையாளம். தட்டியதும் நிமிர்ந்து நடந்துவிட வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அஞ்சலை ஒரு பகலில் எத்தனையோ தடவை செய்கிற காரியம். அன்று வரப்பில் நின்று நாங்கள் இருவரும் இதைக் கண்ணால் பார்த்திருந்தோம். டாக்டர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரின் குரல் இன்னும் ஏறியது. "சிஸ்டர், குழாயக் குடுங்க! வந்த வழியிலயே விட்டுடறேன். ஓட்டைய இப்போதைக்குக் குழாயே அடைச்சிக்கும். மருந்தும் துளித்துளியா இதுலயே போகட்டும்." அப்படித்தான் செய்தார். பிபி தடாலென்று இறங்கவில்லை. பெண் குழந்தை. வெளியே வந்ததும் டாக்டருக்குச் சமமாகக் கத்தியது.

குழாயை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உடனே எடுப்பதைவிட அப்படி விட்டுவைத்தால் தலைவலி வருவது குறையலாம் என்றார். யாராவது தெரியாமல் அதில் வேறு மருந்தைப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பிளாஸ்டரில் 'யாரும் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குழாயில் ஒட்டினார். அது போதாதென்று தானே கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு முன்னால் பெரிய டாக்டருக்கும் அவருக்கும் கை கழுவுகிற இடத்தில் வாக்குவாதம்.

"உள்ள நடந்தது உள்ளயே இருக்கட்டும். தலைவலி வரும் வரும்னு நாம சொல்லித்தான் பாதிப் பேருக்கு வருது."

"சொல்லாம விட்டு, அப்புறம் வலி வந்துட்டா சார்? பிபின்னு பயப்படுவா. காத்து கருப்புன்னு மந்திரிக்கப் போவா. நம்மகிட்ட மட்டும் வரமாட்டா."

"என் ஆஸ்பத்திரி பேர் கெட்டுப்போகும்மா."

"என் பேரச் சொல்லிடறேன் சார்!" என்று சொல்லிவிட்டு அவர் நேரே வெளியே போனார்.

அஞ்சலையின் புருஷன் மூர்த்தியும் மாமியாரும் பெஞ்சில் இருந்தார்கள். டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: தட்டியதை, நிமிர்ந்ததை, தண்ணீர் விழுந்ததை, தலைவலி வரக்கூடும் என்பதை. மாமியாரும் ஒரு காலத்தில் உப்பு சுமந்தவர்தான். அவர் எழுந்து நின்று திட்டிய திட்டு வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது. "தலைய விட்டுடுன்னுதானே அந்தப் பொண்ணு உங்காண்ட கேட்டுச்சு? அத ஒண்ணத்தானே கேட்டுச்சு?" டாக்டர் தலையைக் குனியவில்லை, ஓடவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமாங்க" என்றார். எனக்கு டாக்டர்மேல் கோபம் பொங்கியது. சும்மா இருந்திருக்கலாமே என்று இருந்தது. அதே சமயம் பெருமையாகவும் இருந்தது. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் குழாயை எடுத்தோம். அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள். "தலை?" என்றார் டாக்டர். "ஒண்ணுமில்லீங்க." டாக்டர் ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு மறுநாள் காலை, குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்த அஞ்சலை, பிடரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். படுத்ததும் வலி போய்விட்டது. எழுந்தால் மண்டையைப் பிளந்தது. பிபி பார்த்தேன், சரியாகவே இருந்தது. எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வாசலில் ஸ்கூட்டி சத்தம்.

"தலைதானே? படுத்தா இல்லைதானே? நான் வந்துட்டேன் அஞ்சலை!"

இனி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். அஞ்சலையின் கையிலிருந்து அவளுடைய ரத்தத்தையே எடுத்து, அது உறைவதற்குள் முதுகில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் விட வேண்டும். அது அங்கேயே உறைந்து ஓட்டையை மூடிவிடும்.

"பஞ்சர் ஒட்டற மாதிரியா?" என்றான் மூர்த்தி. இரண்டு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு.

"அதேதான்! அதேதான்!" டாக்டரின் கை அவன் தோளை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தி இழுத்துக்கொண்டார்.

மாமியார் ஒரேயடியாக மறுத்தார். பெற்ற உடம்பில் ஏற்கெனவே ரத்தம் போயிருக்கிறது, இன்னும் எடுப்பார்களாம். அதுவும் தப்பாகக் குத்திய அதே ஆள், அதே தடியூசி, அதே முதுகு. பெரிய டாக்டரும் வந்து, பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிடலாம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

அஞ்சலை மல்லாந்து படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாண்டிக்குப் போனா யாருங்க போடுவாங்க?"

"அங்க இருக்கற டாக்டர்ங்க. என்னைவிட நல்லாவே போடுவாங்க," என்றார் இவர். வாய் அப்போதும் அடங்கவில்லை.

"அவங்க தப்பு பண்ணிட்டா சொல்லுவாங்களா?"

டாக்டர் யோசித்தார். "தெரியலையேம்மா."

"அப்ப நீங்களே போடுங்க. ஆனா தட்டக் கூடாது."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என் தலை அத்த," என்றாள் அஞ்சலை. அவர் அடங்கிவிட்டார்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். டாக்டர் முதுகுப் பக்கம், நான் கைப் பக்கம். அவர் சந்து கண்டுபிடித்து, ஊசியைப் பைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லும்போது நான் நரம்பில் குத்தி ஒரு சிரிஞ்ச் நிறைய ரத்தம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊசி இறங்கத் தொடங்கியது. டாக்டரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தோலும் சொல்லவில்லை, சதையும் சொல்லவில்லை. இரண்டு கையும் ஊசியிலேயே இருந்தன. தியேட்டரில் சத்தமே இருக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் சண்டை போட்டவள் நான். அன்று அந்த அமைதி எனக்கே பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா, இருக்கீங்களா?" என்றாள் அஞ்சலை மெல்ல.

"இருக்கேன்மா."

"பேசுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது. பிறகு, கோயிலில் பேசுகிற மாதிரி சின்னக் குரலில் சொல்லத் தொடங்கினார். "கெட்டியா இருக்குது. இன்னும் கெட்டி. மெதுவாப் போறேன். இப்ப லேசாயிடுச்சு. தண்ணி வரலை. பைக்கு வெளியதான் நிக்கிறேன். சிஸ்டர், எடுங்க." நான் எடுத்தேன். "உன் ரத்தம் போயிட்டு இருக்குது அஞ்சலை. முதுகு கனமா இருக்குதா?" "இருக்குதுங்க." "போதும். நிறுத்திட்டேன். ஊசிய எடுத்துட்டேன். அவ்வளவுதாம்மா."

மதியச் சாப்பாடு வரும்வரை அவளை மல்லாந்து படுக்க வைத்திருந்தோம். டாக்டர் போய் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரிகள் தங்கள் வலியை மறந்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"தலை?" என்று கேட்டார் டாக்டர். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அஞ்சலை அவருக்குப் பதில் சொல்லவில்லை. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்த, அந்தச் சொம்புல தண்ணி புடிச்சு ஏத்து."

"ஐயோ, தையல்..." என்று ஆரம்பித்த டாக்டர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மாமியார் தன் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி அவள் தலையில் வைத்தார். சொம்பு தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்து அதன்மேல் ஏற்றினார். அஞ்சலை வயிற்றுத் தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையை வீசி, வார்டின் அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தாள். அங்கே திரும்பினாள். திரும்பி வந்தாள். தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

"நிக்குது," என்றாள். "தலை நிக்குது."

கட்டில்காரிகள் சிரித்தார்கள். ஒருத்தி அழுதாள். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மயக்க டாக்டர் மட்டும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அஞ்சலை கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னா டாக்டரம்மா, அப்படியே நிக்கிறீங்க? போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவர் ஓடினார். பெரிய டாக்டரின் அறைக் கதவு படாரென்று திறந்தது. அங்கிருந்து மருந்து கொடுக்கிற இடம், அங்கிருந்து வாசல், அங்கிருந்து ரோடு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது.

"என் தப்புங்க! நான்தான் தப்பு பண்ணேன்! ஆனா தலை நிக்குதுங்க, தலை நிக்குது!"

நான் போய் ரோட்டுப் பக்கத்து ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன்.